வேறொரு வண்டியின் சில்லு

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கியூஆர் குறியீட்டைக் காட்டி, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் பெற்றுக்கொள்ளும் வாழ்க்கைக்கு நாடு பழகிக்கொண்டிருந்த காலம். மட்டக்களப்பு கல்லடியில், ஒரு சிறிய கராஜின் வாசலில் கிடந்த வாங்கில் அமர்ந்திருந்தேன். பக்கத்தில் என் மருமகன், அக்காவின் மகன். எதிரே அவருடைய மகனின் பஜாஜ் சி.ரி. 100, பின்சில்லு கழற்றப்பட்டு இரண்டு சீமெந்துக் கற்களின் மேல் நின்றது. (தமிழக நண்பர்கள் சக்கரம் என்பதை நாங்கள் சில்லு என்போம்.)

றிம் வளைந்து, கம்பிகளில் நான்கைந்து முறிந்திருந்தன. அந்த மாதங்களில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுக்கு நிலைமை தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பிறகு டொலரும் இல்லாமற் போனது. கடைகளில் இருந்த உதிரிப்பாகங்களுக்கோ காலையில் ஒரு விலை, மாலையில் இன்னொரு விலை. கராஜ்காரரிடம் பழைய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரின் பின்சில்லு ஒன்று இருந்தது. ஸ்பிளெண்டரின் சில்லு 18 அங்குலம். சி.ரி. 100இனது 17.

"அளவு கொஞ்சம் வித்தியாசம்தான். ஆனாப் பூட்டலாம், ஓடும்" என்றார் கராஜ்காரர்.

பையன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

சாதாரணமான கேள்விதான். அந்த நிமிடத்தில் என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு இருபத்தாறு ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்குப் பேனாவைவிட முக்கியமான பொருள் மோட்டார் சைக்கிள். இந்த மாவட்டத்தின் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, அது படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னர் இந்த இரண்டு கரைகளும் இரண்டு நாடுகளைப் போல் ஆகிவிட்டன. நகரமும் கடற்கரைச் சாலையும் படையினரிடம். படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். செய்தி பெரும்பாலும் அந்தக் கரையில் இருக்கும். அதைக் கொழும்புக்கு அனுப்பும் தொலைபேசியும் தொலைநகலும் இந்தக் கரையில் இருக்கும். மண்முனையில் இன்றுள்ள பாலம் 2014இல் ஜப்பானிய உதவியுடன் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்தத் துறையில் பாதை என்று நாங்கள் அழைக்கும் மிதவையில்தான் வண்டியை ஏற்றிக் கடக்க வேண்டும். குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்தில் இருந்து அம்பிளாந்துறைக்கும் அப்படித்தான்.

என்னிடம் இருந்தது ஹொண்டா சி. 90. 1958இல் ஜப்பானில் தொடங்கிய சுப்பர் கப் வரிசையில் வந்த வண்டி. அந்த வரிசையின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இந்தக் கணக்கை எட்டவில்லை என்பார்கள். என் வண்டி எத்தனையாவது கையில் என்னிடம் வந்தது என்பதைப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். குறைந்த எண்ணெயில் ஓடும், சேற்றிலும் மணலிலும் உருட்டலாம், பாதையில் ஏற்றுகையில் ஒருவர் தூக்கிவிட்டாற் போதும். அதன் பகை ஒன்றே ஒன்று, உப்பு. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றுப் பக்கத்திலும் முகத்துவாரங்கள் திறந்து கடல் உள்ளே வரும் வாவி இது. அந்தத் தண்ணீரில் ஓரிரு முறை இறக்கிய சில்லின் கம்பிகள் ஆறு மாதத்தில் செம்மஞ்சள் நிறம் கொண்டுவிடும். கம்பி துருப்பிடித்து ஒன்று முறிந்தால், அதன் சுமை பக்கத்துக் கம்பிகளுக்குப் போகிறது. அவையும் முறிகின்றன. பிறகு ஒரு குழியில் விழுந்தாற் போதும், றிம் வளைந்துவிடும்.

1996ஆம் ஆண்டின் மாரியில் அப்படித்தான் என் பின்சில்லு போயிற்று. படுவான்கரைக் கிராமங்களில் வெள்ளம் ஏறியிருந்தது. அதை எழுதப் போய்வரும் வழியில், தண்ணீர் மூடிய குழி ஒன்றில் வண்டி இறங்கியது. கொழும்பில் இருந்து றிம் வரவழைக்க எத்தனை நாளாகும் என்று கராஜில் எவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கோ மறுநாளே திரும்பவும் அங்கே போக வேண்டும்.

அந்தக் கராஜில் எம்.டி. 90இன் பின்சில்லு ஒன்று கிடந்தது. எம்.டி. 90 பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானில் தபால்காரர்கள் கடிதம் விநியோகிப்பதற்கென்றே ஹொண்டா தயாரித்த சிவப்பு நிற வண்டி அது. தபால் பெட்டிகளின் சுமையைத் தாழ்வாகத் தாங்குவதற்காக அதன் சில்லுகள் 14 அங்குலம், சி. 90க்கு 17. அங்கே தபால் சுமந்து ஓய்வுபெற்ற வண்டிகள் கப்பலேறி இங்கே வந்து, வடக்கிலும் கிழக்கிலும் இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கின. இயக்கப் பொடியன்கள் அதை விரும்பி ஓட்டினார்கள் என்பதும் ஊரறிந்தது. இந்த விஷயம் பிறகு முக்கியமாகப் போகிறது.

இரண்டும் ஒரே நிறுவனத்தின், ஏறக்குறைய ஒரே குடும்பத்து வண்டிகள். ஆகவே அச்சைக் கொண்டுவந்து சரிக்கட்டுவதற்குக் கராஜ்காரருக்கு அரை நாள் போதுமாக இருந்தது. செயின் நேராக ஓட இரண்டு வளையங்களைக் கடைந்து போட்டார். பிரேக் கம்பியைச் சுருக்கினார். மாலையில் வண்டி தன் காலில் நின்றது, சற்றே குந்தியிருப்பதைப் போல. ரயரின் பருமனையும் சேர்த்துக் கணக்கிட்டால் பின்புறம் ஒரு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தது. பக்கத் தாங்கியில் நிறுத்தினால் வண்டி நிமிர்ந்து மறுபக்கம் சாயப் பார்த்தது. சில்லு சிறுத்ததால், முன்பு இயந்திரம் நூறு சுற்றுச் சுற்றிக் கடந்த தூரத்துக்கு இப்போது நூற்றுப் பத்துக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தது. எண்ணெய்ச் செலவு கூடியது. மேட்டில் ஏறுவது இலகுவானது, ஓட்டம் குறைந்தது. இவையெல்லாம் இரண்டு நாளில் உடம்புக்குப் பழகிவிடும் சங்கதிகள்.

பழகக் கூடாத சங்கதி ஒன்றும் இருந்தது. டிரம் பிரேக்கில் கட்டைகளைத் தாங்கும் வட்டத் தட்டு ஒன்று உண்டு. பிரேக்கை மிதிக்கையில் கட்டைகள் டிரம்மை விரிந்து பிடிக்கின்றன, டிரம்மோ சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆகவே அது அந்தத் தட்டையும் தன்னோடு சுற்றப் பார்க்கிறது. தட்டு சுற்றாமல் பிடித்திருப்பது ஓர் இரும்புப் பட்டை. ஒரு முனை தட்டிலும் மறுமுனை சில்லைத் தாங்கும் கையிலும் போல்ற் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். வண்டியை நிறுத்தும் விசை முழுவதும் விரலளவு தடிப்புள்ள அந்தப் பட்டையின் வழியாகத்தான் போகிறது. எம்.டி. சில்லு பட்டை இல்லாமல் வந்தது. என் வண்டியின் பட்டை அதற்குப் பொருந்தவில்லை. கராஜ்காரர் தட்டை இரும்பில் ஒன்றை வெட்டித் துளையிட்டார். நட்டுக் கழலாமல் குறுக்கே செருக வேண்டிய ஆணி அந்தப் போல்றுக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டார்.

"ஐயா, இதை ரெண்டு நாளைக்கொருக்காப் பாருங்க. லூசானா முறுக்கிவிடுங்க. மறுகா றிம் வந்ததும் மாத்துவம்" என்றார். அவர் மறைக்கவில்லை. எனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொன்னார்.

நானும் பார்த்தேன். ஒவ்வொரு நாட்காலையும் தேநீர் குடிப்பதற்கு முன் ஸ்பானரை எடுத்து அந்த நட்டை முறுக்குவது என் வழக்கமாயிற்று. ஒரு நாள் கால் சுற்று, ஒரு நாள் அரைச் சுற்று. வாரங்கள் ஓடின. றிம் வரவில்லை என்பதை நானும் மறந்துவிட்டேன். வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது!

அக்கா கல்லடியில் எங்களுக்குப் பக்கத்து வளவில் இருந்தார். அவருடைய மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. டிசம்பர் மாதத்து ஒரு காலை, எனக்குக் காய்ச்சல். வெள்ளப் படங்கள் அடங்கிய பிலிம் சுருளையும் கட்டுரையையும் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். மருமகனைக் கூப்பிட்டு உறையையும் திறப்பையும் கொடுத்தேன். "கெதியாப் போ, பஸ் போயிரும்" என்று சொன்னது நினைவிருக்கிறது. அன்று காலை நட்டை முறுக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. காலையில் பல் துலக்க வேண்டும் என்பதை யாருக்காவது சொல்வோமா? அந்த அளவுக்கு அது எனக்குப் பழகியிருந்தது.

நகருக்குள் போகக் கல்லடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். 2013இல் திறந்த புதுப்பாலம் அப்போது இல்லை. லேடி மனிங் பெயரில் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் மட்டுமே. பாலத்தடியில் சோதனைச் சாவடி. சிப்பாய் கையைக் காட்டினார். மருமகன் பிரேக்கை மிதித்தான். நட்டுக் கழன்று, பட்டை விலகியது. தட்டு டிரம்மோடு சுற்றிப் பிரேக் கம்பியை இழுத்து வளைத்தது. சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ள, வண்டி பக்கவாட்டில் சறுக்கி, மண் நிரப்பிய தார்ப் பீப்பாய்களில் போய் மோதியது. சொன்ன இடத்தில் நிற்காத மோட்டார் சைக்கிளுக்கு அந்த நாட்களில் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. துப்பாக்கிகள் நீண்டன. அவன் வண்டிக்கு அடியில் கிடந்தபடியே இரண்டு கைகளையும் உயர்த்தினான். அதனால்தான் அவன் இன்று இருக்கிறான்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். இயந்திர இலக்கம், அடிச்சட்ட இலக்கம் எல்லாம் புத்தகத்தோடு சரியாக இருந்தன. சில்லுக்கு இலக்கம் இல்லை. ஆனால் முன்சில்லு பெரிதாகவும் பின்சில்லு சிறிதாகவும் இருந்ததை அதிகாரி கண்டுவிட்டார். கேட்கவும் செய்தார்.

இந்தச் சில்லு எம்.டி. 90இனது என்றும், இன்ன கராஜில் பூட்டியது என்றும் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும். அந்த வண்டி யாருடையது, எங்கிருந்து வந்தது? கராஜ்காரரை அன்றிரவே தூக்கியிருப்பார்கள். அவருக்கு மூன்று சிறு பிள்ளைகள். "பழைய சில்லு, எப்போதோ வாங்கியது. பொடியன் புதிதாக ஓடப் பழகியவன், வேகமாக வந்துவிட்டான்" என்று வாக்குமூலம் கொடுத்துக் கையொப்பமிட்டேன். அதிகாரி மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

அன்று சொன்ன அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை. இன்றும் அதே இடத்தில் இருந்தால் அதையே சொல்வேன். வருத்தம், அதை வீட்டுக்கும் கொண்டு வந்ததற்கு. ஆஸ்பத்திரி வாசலில் அக்கா கேட்டபோது, சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். பொலிசுக்குச் சொன்னதையே சொன்னேன். பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அந்தப் பிறகு வரவில்லை. 2007இல் படுவான்கரையும் படையினர் வசமானது. 2009இல் போர் முடிந்தது. கராஜ்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய்ச் சேர்ந்தார். பொய்க்கான காரணங்கள் ஒவ்வொன்றாக இல்லாமற் போயின. பொய் மட்டும் இருந்தது. மருமகன் நொண்டி நடந்தான். அக்கா அவனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க விடவேயில்லை. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் கலியாணங்களுக்கு வரும் உறவினர் அவனை 'வேகக்காரன்' என்று பகிடி பண்ணினார்கள். பட்டை விலகியதை அவன் அறியவில்லை. தான் பிரேக்கைக் கடுமையாக மிதித்ததுதான் பிழை என்று நம்பினான். 2011இல் அக்கா காலமானார்.

இல்லாத ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து ஓட்டிக் கடந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டபோது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். இதையெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம், பெருமைப்படத்தான் வேண்டும். ஜேர்மனியில் இருக்கும் ஒரு நண்பர் தன் மோட்டார் சைக்கிளுக்கு வேறு அளவுச் சில்லுப் போட விரும்பி, அதற்கான அனுமதிப் பத்திரங்களுக்கு அலைந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். இரண்டு ஆண்டுக்கொருமுறை ரியூவ் பரிசோதனை. அனுமதி இல்லாத சில்லோடு போனால் வண்டி தெருவில் இறங்க முடியாது. "நாங்கள் அரை நாளில் முடிக்கிற வேலை" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு யோசித்தால், அந்தப் பத்திரத்தின் பயன் வேறொன்று என்று தெரிகிறது. வண்டியில் எது மாற்றப்பட்டிருக்கிறது என்பதை அடுத்து ஓட்டுபவனுக்கு அது சொல்லிவிடுகிறது. எங்களிடம் பத்திரம் இல்லை. அந்தத் தகவல் ஓட்டுபவனின் உடம்பில் இருக்கிறது. வாயைத் திறந்து அவன் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கராஜ் வாசலுக்குத் திரும்புகிறேன். மருமகன் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் கராஜ்காரரிடம் சில கேள்விகளைக் கேட்டேன். அச்சின் தடிப்பு ஒன்றா? பற்சக்கரம் முன்பக்கத்துப் பல்லோடு ஒரே நேரில் நிற்குமா? 18 அங்குலச் சில்லு மட்காட்டில் உரசாமல், செயினை இழுத்துக்கட்ட இடம் மிஞ்சுமா? பிரேக் தட்டைப் பிடிக்கும் பட்டை எந்த வண்டியினது? கடைசிக் கேள்விக்கு அவர், "அதைச் செய்து போடலாம்" என்றார்.

"செய்து போட வேண்டாம்" என்றேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சொன்னேன். நட்டு, கட்டுக்கம்பி, ஒவ்வொரு காலையும் ஸ்பானர், அன்று முறுக்காதது, பொலிசில் கொடுத்த வாக்குமூலம், எல்லாவற்றையும். மகன் முன்னாலேயே சொன்னேன். செய்தி வாசிப்பதைப் போல வரிசையாகச் சொல்லி முடித்தேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மருமகன் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, கழற்றி வைத்திருந்த சி.ரி. 100இன் பழைய பட்டையைக் கையில் எடுத்துத் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே மாமா."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

ஸ்பிளெண்டர் சில்லைப் பூட்டவில்லை. வண்டியின் சொந்த நடுக்குடமும் டிரம்மும் பட்டையும் நல்ல நிலையில் இருந்தன. கெட்டது றிம்மும் கம்பிகளும் மட்டுமே. குடத்தை வைத்துக்கொண்டு, அதே 17 அங்குலத்தில் பழைய றிம் ஒன்றைத் தேடி எடுத்து, அளவான கம்பி போட்டுக் கட்டுவதென்று முடிவாயிற்று. றிம் ஏறாவூரில் கிடைத்தது. பத்து நாளாயிற்று. அந்தப் பத்து நாளும் பையன் வகுப்புக்கு நடந்தும் பஸ்ஸிலும் போனான். வண்டியை எடுக்கப் போனபோது மருமகன் முதலில் குனிந்து பார்த்தது அந்தப் பட்டையின் போல்றைத்தான். புதிய ஆணி செருகியிருந்தது. அதை மகனுக்குக் காட்டி, அது எதற்கு என்று விளக்கினார். என் பெயரைச் சொல்லவில்லை.

வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலை கேட்டவர்கள் பழைய வண்டிகளையே திருத்தி ஓடுகிறார்கள். ஆகவே எங்கள் பக்கத்துக் கராஜ்களில் வேறு வண்டியின் சில்லுகள் இன்னும் சில காலத்துக்குப் பூட்டப்படும். பூட்டுபவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. திறப்பைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பதற்கு மட்டும் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

பத்திரிகையில் தவறு அச்சானால் மறுநாள் திருத்தம் போடுவது எங்கள் தொழிலின் வழக்கம். இந்தத் திருத்தம் மிகவும் பிந்திவிட்டது. ஆனாலும் கனடாவிலும் லண்டனிலும் வேறெங்கும் இருந்து இதை வாசிக்கும் எங்கள் உறவினர் கவனத்துக்கு: 1996 டிசம்பரில் கல்லடிப் பாலத்தடியில் விழுந்த அந்தப் பையன் வேகமாக வரவில்லை. கை காட்டிய இடத்தில் அவன் பிரேக்கை மிதித்தான். பழுது வண்டியில் இருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தது.